மண்டபத்து வெளிச்சத்தில் சண்டை விளையாட்டு: எந்த லென்ஸ், எந்த கேமரா?

கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ, குத்துச்சண்டை இதையெல்லாம் உள்ளரங்கில் படம் எடுப்பதற்காகக் கேமரா வாங்கப் போகிறீர்களா? அப்படியானால் கையில் இருக்கும் பணத்தில் பெரிய பங்கை லென்ஸுக்கு ஒதுக்குங்கள், மிச்சத்தில் கேமராவைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புது மாடல் கேமரா ஒன்றை, பெட்டியோடு கூட வரும் சாதாரண லென்ஸுடன் வாங்கிவிட்டு, முதல் போட்டிக்குப் போய்வந்ததும் "எல்லாப் படமும் கலங்கிப் போச்சு, கேமரா சரியில்லை" என்கிறார்கள். கேமரா சரியாகத்தான் இருக்கும், அதற்குள் போகிற வெளிச்சம்தான் போதவில்லை.

நம் பக்கத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எங்காவது ஓர் ஊரில் ஞாயிற்றுக்கிழமையானால் போட்டி நடக்கிறது. பெரும்பாலும் பள்ளிக்கூடத்து ஹால், இல்லாவிட்டால் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் பிடித்த கல்யாண மண்டபம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க ஆட்டமாக இடம்பெற்றது. சிலம்பத்துக்கு இப்படி ஒரு மேடை கிடைத்திருக்கும்போது, அதை ஆடுகிற பிள்ளைகளிடம் கம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிற படம் மட்டும் இருந்தால் போதாது, ஆடுகிற படமும் இருக்க வேண்டும். மெடல் வாங்கும் படம் எல்லார் வீட்டிலும் தெளிவாக இருக்கிறது. அந்த மெடலை வாங்கித் தந்த உதை மட்டும் வெள்ளைப் புகை மாதிரி விழுந்திருக்கிறது. இதைச் சரிசெய்ய முடியும், அதற்கு லட்சக்கணக்கில் செலவழிக்கவும் வேண்டாம்.

முதலில் வெளிச்சத்தைப் பற்றி. மண்டபத்துக்குள் நுழைந்ததும் நமக்கு நல்ல வெளிச்சமாகத்தான் தெரியும், ஏனென்றால் கண் தானே பழகிக்கொள்ளும். கேமராவுக்கு அப்படிப் பழகத் தெரியாது. சித்திரை மாதத்து நடுப்பகலில் திறந்தவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சம் இருக்கும். டியூப் லைட் போட்ட பள்ளி ஹாலில் 150 முதல் 300 லக்ஸ் இருந்தாலே நல்ல ஹால் என்று சொல்லலாம். 200 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால் வெளியே இருப்பதில் ஐந்நூற்றில் ஒரு பங்குதான். டிவியில் நேரடியாகக் காட்டுகிற பெரிய அரங்குகளில் இதைப்போல பல மடங்கு வெளிச்சம் போட்டிருப்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அதே கேமராவை வாங்கிக்கொண்டு நம் ஊர் மண்டபத்துக்குள் போனால் அதே படம் வராது.

இப்போது கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டெல்டாக்காரர்களுக்கு இதை மதகை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். வாய்க்காலில் வருகிற தண்ணீர்தான் வெளிச்சம். மதகை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோம் என்பது அப்பர்ச்சர், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர் ஸ்பீடு. அகலமாகத் திறந்தால் கொஞ்ச நேரத்திலேயே வயல் நிறையும், குறுகலாகத் திறந்தால் நிறைய நேரம் விட வேண்டும். மண்டபத்து வெளிச்சம் கடைமடைக்கு வருகிற தண்ணீர். வருவதே கொஞ்சம், அதுவும் நம் முறைக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு என்றால் மதகை முழுசாகத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவதாக ஐஎஸ்ஓ என்று ஒன்று இருக்கிறது. அது வெளிச்சத்தைக் கூட்டாது. வந்து சேர்ந்த கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும், அப்படிப் பெருக்கும்போது புள்ளி புள்ளியாக இரைச்சலும் சேர்ந்து பெருகும். புகைப்படக்காரர்கள் நாய்ஸ் என்றும் கிரெய்ன் என்றும் சொல்வது இதைத்தான்.

ஆக மொத்தம் மூன்று குமிழ்கள். இதில் ஷட்டர் ஸ்பீடை நாம் முடிவு செய்வதில்லை, விளையாட்டுதான் முடிவு செய்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குத்து நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம், நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களிடம் இது சாதாரணம். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அந்த நேரத்துக்குள் முஷ்டி 13 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும், படத்தில் கையே இருக்காது. 1/250 என்றால் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், இன்னும் கலங்கல்தான். 1/500 வைத்தால் ஒன்றரை சென்டிமீட்டர், 1/1000 வைத்தால் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே. இங்கேதான் படம் உறைய ஆரம்பிக்கிறது.

அதனால் குத்துச்சண்டைக்கும் இருவர் நேருக்கு நேர் மோதும் கராத்தே குமித்தேவுக்கும் 1/500-க்குக் கீழே இறங்க வேண்டாம், முடிந்தால் 1/640 வையுங்கள். டேக்வாண்டோ உதை குத்தைவிட வேகமாக வரும், அதற்கு 1/800 அல்லது 1/1000. ஜூடோவிலும் மல்யுத்தத்திலும் பிடித்துக்கொண்டு இழுக்கிற நேரம்தான் அதிகம், அங்கே 1/320-ல் கூட நல்ல படம் கிடைக்கும், தூக்கிப் போடுகிற நொடிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கராத்தே கட்டாவில், அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசையில், ஒவ்வொரு அசைவின் முடிவிலும் ஒரு கணம் நிற்பார்கள், அந்தக் கணத்தைப் பிடிக்கத் தெரிந்தால் 1/250 போதும். புதிதாக எடுக்கிறவர்கள் கட்டாவில் தொடங்கினால் கைக்கும் கண்ணுக்கும் நல்ல பழக்கம் வரும்.

சிலம்பம் தனி ரகம். கம்பு நுனியின் வேகம் கையின் வேகத்தைப்போல பல மடங்கு. அதை முழுக்க உறைய வைக்க 1/1000-க்கு மேலே போக வேண்டியிருக்கும், மண்டபத்து வெளிச்சத்தில் அதற்குக் கொடுக்கிற விலை ரொம்ப அதிகம். என் அபிப்பிராயம், சிலம்பத்தில் கம்பைத் துரத்த வேண்டாம். முகமும் நெஞ்சும் கால் வைப்பும் தெளிவாக இருந்து கம்பு மட்டும் விசிறி மாதிரி விரிந்து தெரிந்தால், அந்தப் படத்தில்தான் ஆட்டம் தெரிகிறது. கம்பு அப்படியே நட்டு வைத்தது மாதிரி உறைந்து போனால் அந்தப் பிள்ளை சுற்றுகிறதா, பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்றே சொல்ல முடியாது. தனித்திறமைச் சுற்றில் 1/320 முதல் 1/500 வரை வைத்துப் பாருங்கள். இருவர் மோதும் தொடுமுறைப் போட்டியில் ஆள் பாய்கிற வேகம் இருக்கிறது, அங்கே 1/640.

சரி, வெளிச்சம் மண்டபத்துக்காரர் கொடுத்தது, ஷட்டர் ஸ்பீடு விளையாட்டு கொடுத்தது. நம் கையில் மிச்சம் இருப்பது அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான். அப்பர்ச்சர் முழுக்க முழுக்க லென்ஸின் சமாச்சாரம். லென்ஸை முதலில் வாங்கச் சொன்னது இதனால்தான்.

எஃப் எண் என்றால் என்ன

லென்ஸின் முகப்பில் எஃப் 1.8, எஃப் 2.8, எஃப் 3.5-5.6 என்று ஏதாவது எழுதியிருக்கும். எண் சிறியதாக ஆக ஆகத் திறப்பு பெரியது. 1.4, 2, 2.8, 4, 5.6 என்று ஒவ்வொரு படியாக ஏற ஏற உள்ளே வருகிற வெளிச்சம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். கேமராவோடு வருகிற 18-55 எம்எம் லென்ஸில் (எம்எம் எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) 3.5-5.6 என்று இரண்டு எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 18-ல் இருக்கும்போது 3.5 வரை திறக்கும், ஜூம் செய்து 55-க்குப் போனால் 5.6-க்கு மேல் திறக்காது என்று அர்த்தம். 18-ல் வைத்தால் ஆட்கள் சின்னதாகத் தெரிவார்கள், இந்த லென்ஸை வைத்துச் சண்டையை எடுக்க 55 பக்கம் போயே ஆக வேண்டும், ஆகவே நமக்குக் கிடைப்பது 5.6 மட்டுமே.

200 லக்ஸ் ஹாலில், 1/500 ஷட்டரில், இதை வைத்துக் கணக்குப் போட்டால் எஃப் 5.6 லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 20,000-ஐத் தாண்டும். அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் இருந்தால் ஐஎஸ்ஓ 5,000 போதும். எஃப் 1.8 என்றால் 2,000-க்கு முன்பின். மறுபடி ஒருமுறை பாருங்கள், அதே கேமரா, அதே ஹால், அதே உதை, லென்ஸை மட்டும் மாற்றியதில் 20,000 என்பது 2,000 ஆகிவிட்டது. எந்தப் புதுக் கேமராவை வாங்கினாலும், எத்தனை விலை கொடுத்தாலும், சென்சாரை, அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லை, மாற்றுவதால் மட்டும் பத்து மடங்கு வித்தியாசம் வராது.

இதில் இன்னொரு நல்ல செய்தி, எஃப் 1.8 லென்ஸ்களில் சில ரொம்ப விலை குறைவு. கேனானின் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் புதியதே 10,000 ரூபாய்க்கு அக்கம் பக்கத்தில் கிடைக்கிறது, பழையது இன்னும் குறைவு. நிக்கானிலும் சோனியிலும் 50 எம்எம் எஃப் 1.8 உண்டு. இவற்றில் ஜூம் கிடையாது, நாம்தான் முன்னே பின்னே நகர வேண்டும். ஜூம் இல்லாத லென்ஸ் என்றதும் நிறையப் பேர் தயங்குகிறார்கள், ஆனால் சண்டை நடக்கும் இடத்தின் அளவைப் பார்த்தால் தயங்கத் தேவையில்லை.

உலக கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி ஆடுகளம் 8 மீட்டருக்கு 8 மீட்டர், சுற்றிலும் பாதுகாப்புக்காக இன்னும் ஒரு மீட்டர். விளிம்பில் தரையில் உட்கார்ந்தால் நடுவில் மோதுகிறவர்கள் உங்களிடமிருந்து 5, 6 மீட்டரில் இருப்பார்கள். கிராப் சென்சார் கேமராவில், அதாவது ஆரம்ப விலை கேமராக்களில் பெரும்பாலானவற்றில் இருக்கிற சிறிய சென்சாரில், 50 எம்எம் லென்ஸ் போட்டு 6 மீட்டர் தள்ளி இருப்பதை எடுத்தால் ஏறக்குறைய 2.8 மீட்டர் அகலமும் 1.9 மீட்டர் உயரமும் படத்துக்குள் வரும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று உதைப்பதற்கு இந்தச் சட்டம் கச்சிதமாகப் பொருந்துகிறது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் ஒரே ஆளைத் தலை முதல் கால் வரை நிறைவாகப் பிடிக்கலாம். பெரிய சென்சார் உள்ள ஃபுல் பிரேம் கேமரா வைத்திருந்தால் இதே வேலையை 85 எம்எம் எஃப் 1.8 செய்யும். கிராப் கேமராவில் 85 போட்டால் 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஏற்றது, ஆட்கள் பக்கத்தில் வந்தால் முகமும் தோளும் மட்டும்தான் வரும். அதுவும் ஒரு வகையில் நல்ல படம்தான்.

குத்துச்சண்டை வளையம் கயிற்றுக்குள் 6.1 மீட்டர். அதன் மேடை விளிம்பில் கை வைத்துக் கயிற்றுக்குக் கீழே லென்ஸை நீட்டி எடுக்க அனுமதி கிடைத்தால் கிராப் கேமராவில் 35 எம்எம் எஃப் 1.8 சரியாக இருக்கும். அனுமதி இல்லாமல் தூரத்தில் நாற்காலியில் உட்கார வைத்தால் கயிறு குறுக்கே வந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் உயரமான இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

70-200 எஃப் 2.8 லென்ஸைப் பற்றிக் கேட்காமல் யாரும் இருப்பதில்லை. விளையாட்டுப் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், உண்மையில் அருமையான லென்ஸ், ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எட்டத்து ஆடுகளத்தையும் கிட்டத்து ஆடுகளத்தையும் மாறி மாறி எடுக்கலாம். கேமரா கம்பெனிகளின் சொந்த லென்ஸ் புதியது லட்சத்தை எளிதாகத் தாண்டும், டாம்ரான், சிக்மா லென்ஸ்கள் கொஞ்சம் குறைவு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், 1.8-க்குப் பக்கத்தில் வைத்தால் எஃப் 2.8 என்பது பாதிக்கும் குறைவான வெளிச்சம். ரொம்ப இருட்டான மண்டபத்தில் பத்தாயிரம் ரூபாய் 50 எம்எம் இந்த விஷயத்தில் அந்தப் பெரிய லென்ஸை ஜெயிக்கும். முதலில் 50, பிறகு 85, அதற்கு அப்புறமும் ஆர்வமும் வருமானமும் இருந்தால் 70-200 என்று போகலாம். 55-250, 70-300 என்று வருகிற மலிவான ஜூம் லென்ஸ்களை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம், அவை வெயிலில் கபடி எடுக்க நல்லவை.

எஃப் 1.8-ல் வைத்தால் ஃபோகஸ் ஆழம் குறையும் என்பது நிஜம். கிராப் கேமராவில் 50 எம்எம் போட்டு 5 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும். ஒருவர் முகம் தெளிவாக இருந்தால் பின்னால் சாய்கிற எதிராளி சற்று மங்கலாக இருப்பார். அது படத்துக்கு நல்லதுதான், பின்னால் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் விளம்பர பேனரும் சேர்ந்து மங்கிப் போகும். வெளிச்சம் கொஞ்சம் தாராளமாக இருக்கும் ஹாலில் 2 அல்லது 2.2-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள், லென்ஸ் இன்னும் கூர்மையாக வேலை செய்யும்.

கேமராவுக்கு வருவோம்

ஃபுல் பிரேம் சென்சாரின் பரப்பு கிராப் சென்சாரைப்போல இரண்டேகால் மடங்குக்கு மேல். அதனால் அதே ஐஎஸ்ஓவில் ஃபுல் பிரேம் படம் ஏறக்குறைய ஒரு படி சுத்தமாக இருக்கும். ஒரு படி நல்ல வித்தியாசம்தான், ஆனால் அதற்காகக் கடன் வாங்கும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

கேமராவில் நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது ஃபோகஸ். நகர்கிற ஆளை விடாமல் பின்தொடர்கிற ஃபோகஸ் முறை ஒன்று எல்லாக் கேமராவிலும் உண்டு, கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ என்றும் நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி என்றும் இருக்கும். சண்டைக்கு எப்போதும் அதில்தான் வைக்க வேண்டும். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் ஓரத்து ஃபோகஸ் புள்ளிகள் மங்கிய வெளிச்சத்தில் தடுமாறும், நடுப்புள்ளி மட்டும் உறுதியாக நிற்கும். அந்த நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து ஒருவர் நெஞ்சின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். கராத்தே உடையில் கச்சையும் முடிச்சும் சட்டை ஓரமும் கேமராவுக்கு நல்ல பிடி கொடுக்கும், வெறும் வெள்ளைத் துணியில் வைத்தால் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். அந்தக் கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ் கேமராக்கள் முகத்தையும் கண்ணையும் தாங்களே தேடிப் பிடிக்கும், ஆனால் தலைக்கவசமும் முகக்கவசமும் போட்ட பிள்ளைகளிடம் அது சில நேரம் ஏமாந்து, பின்னால் நிற்கிற நடுவரின் முகத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படி நடந்தால் முகத்தேடலை அணைத்துவிட்டு ஒற்றைப் புள்ளிக்கு வந்துவிடுங்கள்.

வெளிச்சம் அதிகம் வரும் லென்ஸ் இங்கேயும் உதவுகிறது. படம் எடுக்கும் நொடி வரை லென்ஸ் முழுசாகத் திறந்தேதான் இருக்கும், அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் டிஎஸ்எல்ஆர் ஃபோகஸைத் தேடுகிறது, ஆகவே எஃப் 1.8 லென்ஸ் போட்டாலே பழைய கேமராவின் தடுமாற்றம் கொஞ்சம் குறையும்.

நொடிக்கு எத்தனை படம் என்பதில் ரொம்ப மயங்க வேண்டாம். நொடிக்கு 5 படம் எடுக்கும் கேமராவில் இரண்டு படத்துக்கு நடுவே 1/5 நொடி இடைவெளி இருக்கிறது, ஓர் உதை போய்ச் சேர அது போதும். 10 படம் எடுக்கும் கேமரா உதவும், ஆனாலும் தோள் இறங்குவதையும் இடுப்பு திரும்புவதையும் பார்த்து முன்கூட்டியே அழுத்துகிறவருக்குத்தான் சரியான நொடி கிடைக்கும். அந்த விளையாட்டைக் கொஞ்ச காலம் ஆடியவர்கள் எடுக்கிற படம் நன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம். மெமரி கார்டு மட்டும் வேகமானதாக, வி30 என்று குறியிட்டதாக வாங்கிக்கொள்ளுங்கள், மெதுவான கார்டு போட்டால் நல்ல ரவுண்டு நடக்கும்போது கேமரா அப்படியே நின்றுவிடும்.

பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று பெயர்கள். 2016-ல் வந்த நிக்கான் டி500 கிராப் சென்சார்தான் என்றாலும் இந்த வேலைக்கென்றே செய்தது மாதிரி இருக்கும், நொடிக்கு 10 படம், மங்கிய வெளிச்சத்தில் அசையாத ஃபோகஸ். ஃபுல் பிரேம் வேண்டும் என்றால் நிக்கான் டி750. மிரர்லெஸ்ஸில் 2018-ல் வந்த சோனி ஏ7 III இப்போது பழைய சந்தையில் நிறையக் கிடைக்கிறது, கல்யாணப் புகைப்படக்காரர்கள் புதிது வாங்கும்போது விற்றுவிடுவார்கள். அப்படி வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிக்கான் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள், அதாவது டி3500, டி5600 போன்றவற்றில், ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அவற்றில் பழைய 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸைப் போட்டால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும், சண்டையில் அது நடக்காத காரியம். ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும் லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று டி லென்ஸை வாங்கிவிட வேண்டாம்.

செல்போனில் எடுக்க முடியாதா என்றால், முடியும், கொஞ்சம். புரோ மோடுக்குப் போய் ஷட்டரை 1/500-ல் நீங்களே வைத்து, முக்கிய லென்ஸில் மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து எடுங்கள். தானாக எடுக்கச் சொன்னால் போன் ஷட்டரை மெதுவாக்கிவிடும், மூன்று மடங்கு ஜூமுக்குப் போனால் பெரும்பாலும் இன்னும் சின்ன சென்சாருக்கு மாறிவிடும்.

டியூப் லைட் துடிப்பு

இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை, பிறகு படத்தைப் பார்த்துக் குழம்புவார்கள். தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாக, அடுத்தது இருட்டாக, அதற்கடுத்தது மஞ்சள் பாய்ந்து இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. 1/100 நொடியில் எடுத்தால் ஒரு முழுத் துடிப்பும் உள்ளே வந்துவிடும், வித்தியாசம் தெரியாது, ஆனால் 1/640-ல் துடிப்பின் ஏதோ ஒரு துண்டு மட்டும்தான் கிடைக்கும், அது உச்சியாகவும் இருக்கலாம் பள்ளமாகவும் இருக்கலாம். கேனான் 7டி மார்க் II 2014-ல் வந்தபோது இதற்கு ஒரு வசதி வந்தது, துடிப்பின் உச்சி வரும் வரை ஒரு கண நேரம் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். ஆன்டி ஃப்ளிக்கர் என்றோ ஃப்ளிக்கர் ரிடக்‌ஷன் என்றோ மெனுவில் இருக்கும். மேலே சொன்ன டி500-லும் ஏ7 III-லும் இருக்கிறது. மண்டபத்தில் எடுக்கப் போகிறவர்கள் வாங்கும் கேமராவில் இது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், மெகாபிக்ஸலைவிட இது முக்கியம். அப்புறம், சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரை இங்கே போடாதீர்கள், பெரும்பாலான கேமராக்களில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டரே இருக்கட்டும்.

ஃபிளாஷ் வேண்டாம். பெரும்பாலான போட்டிகளில் அனுமதியே இல்லை, அனுமதித்தாலும் போடாதீர்கள். எதிராளியின் கால் முகத்தை நோக்கி வந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஒரு பிள்ளையின் கண்ணில் வெளிச்சத்தை அடிக்க நமக்கு உரிமை இல்லை.

கேமராவை எப்படி வைப்பது என்று கேட்டால், மேனுவல் மோடில் அப்பர்ச்சரை 2-லும் ஷட்டரை 1/640-லும் நிறுத்திவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு, மேல் எல்லையாக 12,800 கொடுத்துத் தொடங்குங்கள். கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ மூன்றிலும் வெள்ளை உடைதான் பெரும்பாலும், கேமராவின் மீட்டர் வெள்ளையைப் பார்த்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக்கிவிடும், முகம் கறுத்துப் போகும். படத்தை வெளிச்சமாக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் +0.7 அல்லது +1 ஏற்றிக்கொள்ளுங்கள். படத்தை ரா முறையில், அதாவது கேமரா தன் திருத்தம் செய்யாமல் அப்படியே பதிவு செய்கிற வடிவில், சேமியுங்கள், பச்சையும் மஞ்சளும் கலந்த மண்டபத்து விளக்கில் தோல் நிறத்தைப் பிறகு திருத்த அது இல்லாமல் முடியாது. மேடையில் கலர் எல்இடி சுற்றிக்கொண்டிருந்தால் போட்டி தொடங்கும் முன்பே மாஸ்டரிடமோ ஆசானிடமோ மரியாதையாகப் போய் "சார், சண்டை நடக்கும்போது மட்டும் அந்தக் கலர் லைட்டை அணைக்கச் சொல்லுங்க, பிள்ளைங்க படம் நல்லா வரும்" என்று கேளுங்கள். பிள்ளைகளின் படத்துக்காக என்றால் அநேகமாகச் செய்து கொடுப்பார்கள்.

உட்காரும் இடத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பகல் நேரத்தில் மண்டபத்து வாசலும் ஜன்னல்களும் திறந்திருக்கும், வெளியே வெயில் கொளுத்தும். அந்த வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் ஆட்கள் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார்கள். வாசலை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதே வெயில் ஆட்களின் முகத்தில் விழும், இலவசமாக இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்கலாம். தரையோடு தாழ உட்கார்ந்தால் உதை உயரமாகத் தெரியும், பின்னால் உச்சியில் இருக்கும் விளக்கு லென்ஸுக்குள் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஐஎஸ்ஓ 6,400, 8,000 என்று வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் அந்தப் புள்ளிகள் தெரியாது, ஆறுக்கு எட்டு பிரிண்டிலும் தெரியாது, ஊர் முக்கில் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனரைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. இன்றைக்கு லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் புள்ளிகளை நீக்கும் வசதி ரொம்ப நன்றாக வந்துவிட்டது. ஆனால் 1/125-ல் எடுத்துக் கலங்கிப்போன முகத்தைத் திரும்பக் கொண்டுவர நம்பகமான வழி இன்னும் வரவில்லை. புள்ளியா கலங்கலா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் தயங்காமல் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் திருச்சியிலும் கல்யாணப் புகைப்படக்காரர்கள் நிறையப் பேர் 85 எஃப் 1.8, 70-200 எஃப் 2.8 எல்லாம் வைத்திருக்கிறார்கள், தெரிந்த அண்ணன் யாராவது இருந்தால் ஒரு நாளைக்குக் கேட்டுப் பார்க்கலாம். வைகாசி, ஆவணி, தை மாத முகூர்த்த நாட்களில் கேட்டால் கிடைக்காது. ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் லென்ஸ்கள் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும், அப்போது வாடகையும் பேசிக் குறைக்கலாம். போட்டி நாளில் முதல் தடவையாகக் கையில் எடுக்காமல், மாலை நேரப் பயிற்சி வகுப்புக்கு ஒரு நாள் கொண்டுபோய்ப் பழகிவிட்டு வாருங்கள். பயிற்சியிலும் அதே உதைதான், வெளிச்சம் பெரும்பாலும் போட்டியைவிட மோசம்.

பழைய லென்ஸ் வாங்கினால் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள் துணியே காயாது, பீரோவுக்குள் பையோடு வைத்த லென்ஸின் கண்ணாடிக்குள் வெள்ளை நூல் மாதிரி, சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிடும். லென்ஸின் ஒரு முனையில் செல்போன் டார்ச்சை அடித்து, சற்றுச் சாய்த்து மறுமுனை வழியாகப் பாருங்கள். இரண்டு மூன்று தூசி இருந்தால் பரவாயில்லை, நூல் படர்ந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள், ஏனென்றால் பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்திருக்கும், துடைத்தாலும் தடம் போகாது. வாங்கிய லென்ஸைத் தோல் உறையில் வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் வைத்து, 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் 60-ஐத் தொட்டால் ஜெல்லை மாற்றுங்கள், அல்லது சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள்.